பன்னிரண்டு படி

படிவத்தின் ஏழாம் கேள்வி:
பன்னிரண்டு படி ஏறி இறங்குவாரா,
துணையோடா, துணையில்லாமலா?

காத்தாயி வீட்டுக்கு எழுபத்துமூன்று.
எண்ணிக்கொண்டே இறங்கினேன்
மழை விட்ட ஒரு மத்தியானம்,
ஒரு கையில் அளவுநாடா, மறு கையில் செருப்பு.
முப்பது வரை சிமெந்து,
பிறகு கல், பிறகு மண்ணில் வெட்டிய தடம்.
கடைசி நாலைப் படியென்று எழுதலாமா தெரியவில்லை,
தேயிலை வேர்தான் படிபோல் புடைத்து நின்றது.

நான் கிளிநொச்சிக்காரன்.
எங்கள் நிலம் தட்டில் ஊற்றிய கஞ்சி.
போர் தின்ற கால்களுக்கு
வேறு கால் பொருத்திப் பொருத்தித்தான்
இந்த வைத்தியம் படித்தேன்.
பொருத்தியவர்கள் சைக்கிள் மிதித்துப் போனார்கள்,
வரம்பில் நடந்து போனார்கள்.
நடை என்றால் எனக்கு முன்னால் போவது.
இங்கே, அட்டன் தாண்டினால்,
மேலே போவது
அல்லது கீழே.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்திருக்கிறாள்.
சீனி வருத்தம், ஆறவில்லை.
பேர் போடாமல் போய்விடுமென்று
சப்பாத்துக்குள் ஒளித்து
பதினெட்டு நாள் கொழுந்தெடுத்திருக்கிறாள்.
கண்டியில்
முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் வைத்தார்கள்.
என் வார்டுக்கு வந்த அன்று முதல் கேள்வி அவளுடையது:
"அரைக் காலுக்கு அரைப்பேராவது போடுவாங்களா டொக்டர்?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.
நான் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இரவில் அந்த அட்டை திரும்ப வரும்,
இல்லாத பெருவிரலில், அதே இடத்தில்.
கண்ணாடியை நிறுத்தி
வலது காலை இடது காலாய்க் காட்டினேன்.
அசையுங்கள், தடவுங்கள் என்றேன்.
அவள் சவுக்காரம் கேட்டாள்.
நுரை வரக் குழைத்து விரலிடுக்கில் தேய்த்தாள்,
கண்ணாடியை விட்டுக் கண் எடுக்காமல்.
அட்டை விழுந்துவிட்டது என்றாள்.
அன்று தூங்கினாள்.
அடுத்த நாள் மறுபடி கடித்தது.

இலக்கு என்றொரு கட்டம் உண்டு, நிரப்ப வேண்டும்.
என்ன செய்ய ஆசை, காத்தாயி?
மலைக்குப் போகணும் என்பாள்,
அல்லது திருவிழா, தேர் என்பாள் என்று
பேனாவைத் தயாராய் வைத்திருந்தேன்.
"ராவுல யாரையும் எழுப்பாம
கக்கூசுக்குப் போய்ட்டு வரணும்."
அப்படியே எழுதினேன்.

அது லயத்துக்குப் பின்னால்,
இன்னும் பத்தொன்பது படி கீழே.
அதைப் பார்க்கத்தான் வந்தேன்.
நடந்து காட்டுங்கள் என்றேன்.

அவள் காலைக் கழற்றினாள்.

தரை தட்டையென்று நம்பி நான் கோணம் வைத்த கால்,
மூன்று முறை கோப்பை மாற்றிய கால்.
அதைக் குழந்தைபோல் அல்ல,
விறகுபோல் கக்கத்தில் இடுக்கினாள்.
இடுப்பில் ஒரு உரச்சாக்கு, கயிறு போட்டுக் கட்டியது.
குந்தினாள்.
கை, பிட்டம், குதிகால்.
கை, பிட்டம், குதிகால்.
வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை.
பத்தொன்பதாவதில் காலை மாட்டி,
பட்டியை இறுக்கி,
தகரக் கதவைத் திறந்து மூடிக் காட்டினாள்.

"ஏறத்தான் இது வேணும்.
எறங்கையில எனக்கு பாரம்."

இதற்கு என் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன், இடம் போதாமல்
பின்பக்கமும் எழுதினேன்.
கைப்பிடிக் குழாய் கேட்டுத் தோட்ட ஆபீசுக்குப் போட்ட
இரண்டு கடிதத்துக்கும் பதிலில்லை,
மூன்றாவது பையில் இருந்தது.
அதுவரை அவள் மகன்
சவுக்கு மரத்திலிருந்து கதவுவரை
பழைய கம்பியொன்றை இழுத்துக் கட்டியிருக்கிறான்,
துருவுக்குத் துணி சுற்றி.
அசைத்துப் பார்த்தேன். என்னைத் தாங்கும்.

திரும்பும்போது மூடுபனி.
நாற்பதாவது படியிலோ, நாற்பத்தொன்றிலோ
முழங்காலில் கை ஊன்றி
மூச்சுக்கு நின்றேன்.
கீழேயிருந்து சத்தம் வந்தது,
ஆள் தெரியவில்லை:

"துணையோடயா டொக்டர்,
துணையில்லாமயா?"